அனுமதி கேட்ட தலைநகர்: கண்டி நாட்குறிப்பு

வியாழன், ரயிலில்

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறும்போதே பக்கத்தில் இருந்த பெரியவர், "வலது பக்கம் ஜன்னல் ஓரமா இருந்துக்கங்க தங்கச்சி, ரம்புக்கனைக்குப் பொறவு தெரியும்" என்றார். தெரிந்தது. ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கி ஏறுகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் அதலபாதாளம். கீழே வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. இறால் வடை விற்பவர் அந்தச் சரிவிலும் கைப்பிடி இல்லாமல் பெட்டி பெட்டியாகத் தாண்டிப் போகிறார்.

இந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகுதான் பாடப் புத்தகத்தில் படித்தது மனத்தில் உட்கார்ந்தது. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கண்டியை நோக்கிப் படையெடுத்து, 1594-இல் தந்துறையிலும் 1638-இல் கன்னொருவையிலும் தோற்று அழிந்தார்கள். 1765-இல் டச்சுக்காரர்கள் நகருக்குள்ளேயே நுழைந்தும் அங்கே நிலைக்க முடியவில்லை. 1803-இல் ஆங்கிலேயப் படை நகரைப் பிடித்து, முத்துச்சாமி என்பவரை அரியணையில் உட்கார வைத்தது. சில மாதங்களில் அந்தப் படையே நோயிலும் வாளிலும் அழிந்தது, முத்துச்சாமியும் கொல்லப்பட்டார். காடும் மழையும் காய்ச்சலும் இந்தத் தலைநகரைக் காவல் காத்தன.

அந்தக் காவலை உடைத்தது சாலை. கடுகண்ணாவையில் ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. கொழும்பு கண்டிச் சாலையைப் போட்ட கேப்டன் டாசனின் நினைவாக 1832-இல் எழுப்பியது. அந்த ஆண்டைப் படித்ததும் எனக்குச் சுரீரென்றது. அதே 1832, ஜனவரி 30-ஆம் தேதிதான் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எங்கள் வேலூரில் இறந்துபோனார்.

நான் வேலூர்க்காரி. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறேன். கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், அதற்குள் அரசனின் சமாதி. ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், "இவர் கண்டியை ஆண்டவர்" என்று சொல்கிறேன். "கண்டி எப்படி மிஸ் இருக்கும்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பயணம்.

வெள்ளி, மாளிகை

காலையில் தங்கியிருக்கும் வீட்டு அக்கா தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்து, "மாளிகாவைக்குப் போறதுன்னா தோள் மூடுற மாதிரி உடுத்திட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். குளத்தைச் சுற்றி நடந்தே போனேன். 1807 வரை இங்கே வயல்தான். அதைக் குளமாக்கியவர் நம் அரசன். கரை மேல் மேகம் மிதப்பதுபோல் அமைத்த சுவர் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. கட்டி முடிப்பதற்குள் ராஜ்ஜியம் போய்விட்டது. இந்தக் குளத்துக்காக ஊரைக் கசக்கிப் பிழிந்தார் என்ற குறை அன்றே இருந்தது. வேலூரில் எங்களுக்கு அவர் சிறையில் வாடிய பாவப்பட்ட மனிதர். இங்கே அவரது கொடுமைகளையும் ஊர் மறக்கவில்லை. தன்னை விட்டு வெள்ளைக்காரனிடம் ஓடிய பிரதானி எஹெலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் 1814-இல் அவர் கொன்ற விதத்தைப் படித்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். என் பிள்ளைகளுக்கு இனி இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

புத்தரின் பல்லை வைத்து வணங்கும் கோயில்தான் தலதா மாளிகை. உள்ளே பூசை நேரம். மேளம் காதைப் பிளக்கிறது. வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரையும் அலரிப் பூவும் ஏந்தி வரிசையில் நகர்கின்றன. இந்த மாளிகையின் முகமாக நிற்கும் எண்கோண மண்டபத்தைக் கட்டியவன் தேவேந்திர மூலாச்சாரி. கட்டுவித்தவர் அதே நாயக்கர் அரசன், வேலூரில் தூங்குகிறவர்.

நம் ஊரில் பலருக்குத் தெரியாததை இங்கே எழுதிவிடுகிறேன். 1739-இல் கடைசிச் சிங்கள அரசன் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்ததும், மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி முடிசூடினார். அங்கிருந்து 1815 வரை 76 ஆண்டுகள், நான்கு அரசர்கள், எல்லாரும் நாயக்கர் வழி. அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், நாட்டில் முறைப்படி துறவு பெற்ற பிக்கு ஒருவரும் இல்லாத நிலையில், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரரை 1753-இல் வரவழைத்துப் பௌத்த சங்கத்தைத் திரும்ப நிலைநிறுத்தினார். சியாம் நிக்காயம் என்னும் இன்றைய பிக்குகள் பிரிவு அப்படித் தோன்றியது. அதே அரசன் நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்று சொல்லி 1760-இல் அவரைக் கொல்லச் சதியும் நடந்தது. அவருக்குப் பின் வந்த தம்பி ராஜாதி ராஜசிங்கன் சிங்களத்தில் காவியமே எழுதியவர். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இந்த ஊர் மொழியில் கவி பாடும் அளவுக்கு ஊறிப் போயிருந்தது.

மாளிகைக்குப் பக்கத்தில் மகுல் மடுவ என்னும் அரச சபை மண்டபம். ராஜாதி ராஜசிங்கன் தொடங்கிய மரத் தூண்கள், ஒவ்வொன்றிலும் செதுக்கு வேலை. நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, தூணைத் தொட்டுப் பார்த்து, ஆசிரியை சத்தம் போட்டதும் கலைந்து போனார்கள். இந்த மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2-ஆம் தேதி, ராஜ்ஜியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன், பிப்ரவரி 18-இல், அரசன் மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டிருந்தார். தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளிலும் தமிழ் எழுத்து உண்டு. சபையில் தமிழ் அவ்வளவு புழங்கியிருக்கிறது.

ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், பௌத்தத்தைக் காப்பதாக வாக்களித்த பிரிவு. மூன்றாம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசனின் ஆண் உறவினர் அனைவரும் எதிரிகள். அவர்களும், வெளியேற்றப்பட்ட மற்ற மலபார் ஆண்களும், அதாவது தமிழ்நாட்டுப் பக்கத்து ஆண்களும், எழுத்து மூல அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் கால் வைக்கக் கூடாது. மீறினால் ராணுவச் சட்டம் பாயும்.

அந்த மண்டபத்துத் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அரசனைத் துரத்தினார்கள், அது போரின் வழக்கம். ஒரு தெருவில் குடியிருந்தவர்களை, கடை வைத்திருந்தவர்களை, பிறப்பைக் காரணம் காட்டித் துரத்துவதற்கு அதே தாளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சனி, மலபார் வீதி

அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. கண்டி நகரின் நடுவிலேயே, மலபார் வீதி என்ற பெயரோடு. அரசர் காலத்தில் குமாருப்பே வீதி என்பார்கள்; அரசனின் உறவினர்கள் குடியிருந்த தெரு. வணிகம் செய்தார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், பிரதானிகள் பலர் அவர்களுக்குக் கடன்பட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவன் மேல் வரும் கோபமும் 1815-இல் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

தெருவில் நடந்து பார்த்தால் வீடு, கடை, வாகன நிறுத்தம். பழைய சுவர் எதுவும் என் கண்ணில் படவில்லை. மருந்துக் கடைக்காரரிடம், "இங்க முன்னாடி யாருண்ணே இருந்தாங்க?" என்று கேட்டேன். "ராசா காலத்து ஆளுங்கன்னு சொல்வாங்க. நம்ம கடை இருபது வருசமாத்தான்" என்றார். அவர் கம்பளைக்காரர், தோட்டத்தில் பிறந்தவர், வீட்டில் தமிழ், கடையில் சிங்களம். நான் வேலூர் என்றதும் உள்ளே கூப்பிட்டு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அரசனின் சமாதி அங்கே இருப்பது அவருக்குப் புதுச் செய்தி. போனில் படத்தைக் காட்டினேன். தன் மகளுக்கு அனுப்பச் சொல்லி எண் கொடுத்தார்.

பிறகு தேவாலயங்கள். இங்கே தெய்வங்களின் கோயிலை அப்படித்தான் சொல்கிறார்கள். கண்டியில் தலதா மாளிகையைச் சுற்றி நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்கள் உண்டு. நாத தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டுக் கற்றளி. அதன் தளத்தையும் சிகரத்தையும் பார்த்தால் தொண்டை மண்டலத்துக் கோயிலொன்றின் முன் நிற்பதாகவே படுகிறது. பத்தினி என்பவள் நம் கண்ணகி. கதிர்காமத் தெய்வம் முருகன். ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத் திருவிழாவில் முதலில் மாளிகையின் ஊர்வலம், அதன் பின் நாதர், விஷ்ணு, கதிர்காமர், கடைசியில் பத்தினி. இந்த வரிசையை வகுத்ததும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலம்தான். தெய்வங்களுக்கு மட்டும் நடந்த விழாவில் புத்தரின் பல் இல்லையே என்று சயாம் பிக்குகள் வருந்த, அந்தப் புனிதப் பல்லின் பேழையை முன்னால் போகவிட்டார் அரசன். பத்தினி தேவாலயத்தில் ஒரு சிங்களத் தாய் கைக்குழந்தையைக் காட்டி வேண்டிக்கொண்டிருந்தார். அம்மை, வெப்பு நோய்க்கெல்லாம் இவளிடம்தான் நேர்ந்துகொள்வார்களாம். எங்கள் ஊரில் அதே வேண்டுதல் மாரியம்மனுக்கு.

மாலையில் கடைத்தெரு வழியாகச் சுற்றினேன். பள்ளிவாசல், தேவாலயம், பிள்ளையார் கோயில், செயின்ட் பால்ஸ் சர்ச் மணி, எல்லாம் நடக்கும் தூரத்தில். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார் என்பதை இங்கே முஸ்லிம் கடைக்காரர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். அதே நகரில்தான் 1915 மே மாத இறுதியில், வெசாக் என்னும் பௌத்தப் பண்டிகை இரவில், பள்ளிவாசல் ஒன்றின் முன் தொடங்கிய தகராறு நாடெங்கும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமானது. 1983 ஜூலை 26 பிற்பகல் பேராதனை வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலிலேயே புலிகளின் வெடி லாரி வெடித்து, கும்பிட வந்தவர்கள் செத்தார்கள். 2018 மார்ச்சில் பக்கத்து திகனவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே தெருவில் அதே மூன்று மொழியில் பெயர்ப்பலகை மாட்டிக் கடை திறந்திருக்கிறார்கள். திறக்காமலே போனவர்களும் உண்டு.

ஞாயிறு, மழை

காலையிலிருந்து விடாத மழை. பேராதனைப் பூங்கா வரை பஸ்ஸில் போய் வந்ததோடு சரி. அரசர்கள் தங்கிய இடம், 1821-இல் பூங்கா, இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம். உயர்ந்த பனை வகை மரங்கள் இருபுறமும் நிற்கும் பாதையில் குடை பிடித்துக் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவுக்கு அடுத்து, 1952-இல் இங்கே வந்த பல்கலைக்கழகம். உள்ளே போக நேரமில்லை.

திங்கள், மஹியாவ

சுற்றுலாக் கையேட்டில் இல்லாத இடம். வீட்டு அக்காதான், "கண்டி டவுனைப் பத்தி எழுதுறீங்கன்னா மஹியாவைக்குப் போகாம எழுதாதீங்க" என்றார். அவருடைய உறவினர் ஒருவர் கூட வந்தார்.

1865-இல் கொழும்பும் கண்டியும் நகராட்சியாயின. நகராட்சி என்றால் தெரு கூட்ட, கழிவு அள்ள ஆள் வேண்டும். அந்த வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இந்த மேட்டில் குடிவைத்தார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் இங்கே. குறுகலான படிக்கட்டுச் சந்து, ஒட்டி ஒட்டி வீடுகள், முனையில் மாரியம்மன் படம், பாட்டுச் சத்தம், துவைத்த துணி. ஓர் அம்மா வாசலில் உட்காரச் சொன்னார். நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"பெரஹரா முடிஞ்ச ராத்திரி எத்தனை மணிக்கும்மா வேலை தொடங்கும்?"

"யானை திரும்புறதுக்கு முன்னாடியே நாங்க வீதியில நிப்போம். காலைல ஆறு மணிக்கு டவுன் பளபளன்னு இருக்கணும். வாறவங்க யாரு கூட்டினான்னு கேப்பாங்களா?"

குளத்தையும் மாளிகையையும் பார்த்து உலக மரபுச் சின்னம் என்று 1988-இல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்தச் சின்னத்தைத் தினமும் கூட்டிச் சுத்தமாக வைத்தவர்கள் இந்த மேட்டுக்காரர்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் முகவரி சொல்லும்போது குரல் தாழ்வதாக அந்த அம்மா சொன்னார். சாதியின் பெயரால் நாங்கள் எங்கள் ஊரில் செய்வதுதான் இது, கடல் தாண்டியும் மாறவில்லை. ஓர் ஆசிரியையாக என்னால் இதைப் பேசாமல் கடக்க முடியாது. பேத்தி பள்ளி இறுதித் தேர்வான ஏ.எல் எழுதியிருக்கிறாள், சட்டம் படிக்க ஆசை. நல்ல மதிப்பெண் வரட்டும்.

செவ்வாய், ஹந்தானை

நகரத்திலிருந்து ஓட்டோவில் மேலே ஏறினால் தேயிலை. 1925-இல் கட்டிய தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். உருட்டும் இயந்திரங்கள், லூல்கந்துரவில் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருள்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து கண்டி முழுதும் தெரிகிறது.

இயந்திரங்கள் பளிச்சென்று எண்ணெய் பூசி நிற்கின்றன. மலைகளில் கொழுந்து பறித்த கைகளைப் பற்றிச் சொல்ல இடம் போதவில்லை. அதனால் நான் இங்கே சொல்கிறேன்.

1815-இல் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்று எழுதிய அதே அரசாங்கம், 1820-களில் கம்பளையில் கோப்பித் தோட்டம் தொடங்கியதும் அந்தப் பக்கத்து ஆட்களையே தேடியது. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் என்று வறட்சியில் காய்ந்த ஊர்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிமார் அழைத்து வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை வரை கால்நடை. வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அப்போதும் கையில் ஒரு தாள் இருந்தது. ஆனால் அது அவர்களைக் கட்டிப்போட்ட தாள். 'துண்டு' என்பார்கள். கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையைப் புதுத் துரை கட்டினால்தான் வேறு தோட்டத்துக்கு மாற முடியும். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். 1901-இலிருந்து தகரச் சீட்டும் வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்ற எண் பொறித்த வட்டத் தகடு, கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.

கோப்பியை 1869-இல் வந்த இலைநோய் தின்றது. தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும், ஆகவே வந்தவர்கள் திரும்பாமல் லயம் என்னும் வரிசை வீடுகளிலேயே தங்கினார்கள். மூன்று தலைமுறை கழித்து, 1948-இல் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளையின் பிறப்பை யார் பதிந்தார்கள்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்துக்கெல்லாம் முழு விடை 2003-இல் வந்த சட்டத்தில்தான் கிடைத்தது.

தொழிற்சாலைக்குக் கீழே லயத்தில் ஒரு தாத்தாவிடம் பேசினேன். தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைக் கடதாசி, அடையாள அட்டையின் பிரதி, எல்லாம் மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியவை.

"எல்லாம் கிடைச்ச பெறகும் ஏன் தாத்தா இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?"

"எங்க மாமா கடதாசி சரியில்லாம இந்தியாவுக்கு, மண்டபம் முகாமுக்குப் போயி, கோத்தகிரியில செத்தாரு. அவரு பொறந்தது இந்த லயத்துலதான். கேட்டா காட்டணும்ல?"

அவருடைய மருமகள் மலையிலிருந்து இறங்கி வந்தார். நாள் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி, அது 2021-இல் கிடைத்தபோது விலைவாசி அதைத் தாண்டி ஓடிவிட்டது என்றார். மகன் கொழும்பில் துணிக்கடையில். மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. இவளுக்கு மாளிகையைத் தெரியும், குளத்தைத் தெரியும். குளத்தைக் கட்டியவரின் சபையில் தமிழும் புழங்கியது என்று நான் சொன்னதும், "எங்க புத்தகத்துல அப்படி இல்லையே மிஸ்" என்றாள்.

அவளுக்கும் வேலூரில் என் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தைச் சொல்லித்தர வேண்டும். மலபார் வீதி முனையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும், அங்கே யார் இருந்தார்கள், எந்தத் தாளால் போனார்கள் என்று. ஹந்தானை அருங்காட்சியகத்தில் ஒரு துண்டும் ஒரு தகரச் சீட்டும் டெய்லரின் பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும். பெரிய செலவில்லை. நாளை ஒரு மனு எழுதப் போகிறேன், அக்காவின் கணவர் சிங்களத்தில் பெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

புதன், மாத்தளை

மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மலையைத் தொட்ட ஊர். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நகருக்குள் நுழைந்ததும் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியைக் கும்பிட்ட இடம், பிறகு பெருங்கோயிலாயிற்று. இங்கிருந்து ஆளாளுக்கு வேறு வேறு தோட்டமாகப் பிரிந்து போனார்கள். ஒன்றாக நடந்து வந்தவர்கள் திரும்பச் சந்திக்கத் திருவிழாதான் வழி.

பிரகாரத்தில் பூக்கட்டும் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் பாட்டி புதுக்கோட்டைப் பக்கம். எந்த ஊர் என்று தெரியாது, "குளத்தங்கரையில ஐயனார் இருக்குமாம்" என்று மட்டும் தெரியும். புதுக்கோட்டையில் அப்படி எத்தனையோ ஊர். தெரிந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், எதற்கும் அவர் தலை அசைக்கவில்லை. பாட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டேன். புதுக்கோட்டையில் என் சக ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"மாசி மகத்துக்கு வாங்க டீச்சர்" என்றார் பூவைப் பொட்டலம் கட்டியபடி. "அஞ்சு தேரு ஓடும். சிங்கள ஆளுங்களும் வடம் பிடிப்பாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, நம்ம வீட்டுல தங்கலாம்."